‘பார்த்துக்கலாம்’ என்றால் எத்தனை வாரம்?

சிங்கப்பூரில் பெரிய தொலைநோக்கி எதுவும் கிடையாது. வருடம் முழுக்க மேகம், இரவெல்லாம் விளக்கு வெளிச்சம், கடல் மட்டத்தில் கிடக்கும் ஊர். ஆனால் மைக்ரான் கணக்கில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில், உலோகம் வெட்டும் பட்டறைகள் உட்லண்ட்ஸிலும் துவாஸிலும் இருக்கின்றன, சிப் தயாரிக்கும் இயந்திரங்களுக்குப் பாகம் செய்து பழகிய கைகள் இருக்கின்றன. நான் வானியல் பக்கம் வந்தது அந்த வழியாகத்தான். பத்து வருடம் சிப் இயந்திரத் துறையில் புராஜெக்ட் மேனேஜராக இருந்தேன். அப்புறம் சிலியில் ஒரு பெரிய தொலைநோக்கியில் பொருத்துவதற்கான ஸ்பெக்ட்ரோகிராஃப் ஒன்றைக் கட்டும் கூட்டுக்குழுவில் சேர்ந்தேன். நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பதிவு செய்யும் கருவி அது. ஆறு நிறுவனங்கள், ஐந்து நாடுகள். முதலில் எங்கள் பங்கான கேமரா தாங்கிகள் மட்டும் என் பொறுப்பு. இரண்டாம் வருடக் கடைசியில் மொத்தக் கருவிக்கும் இன்டர்ஃபேஸ் பொறுப்பு என்னிடம் வந்தது. அதாவது ஒரு குழு செய்யும் பாகமும் இன்னொரு குழு செய்யும் பாகமும் சேரும் இடமெல்லாம் என் கணக்கு.

நம் பிள்ளைகள் சிலர் இப்போது இந்த மாதிரி வேலைகளுக்கு வருகிறார்கள், என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மனதில் ஏற வேண்டியது, இங்கே யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. பழைய வேலையில் ஒரு சப்ளையர் தாமதம் செய்தால் பர்சேஸ் ஆர்டரைக் காட்டலாம், அபராதம் போடலாம், வேறு ஆளிடம் போகலாம். இங்கே எதையும் செய்ய முடியாது, ஏனென்றால் நீங்கள் அவர்களுக்குப் பணம் கொடுப்பதில்லை, அவர்கள்தான் பணமும் ஆளும் கொண்டு வருகிறார்கள். ஐரோப்பிய தெற்கு வானாய்வகமான ஈஎஸ்ஓ தன் தொலைநோக்கிகளுக்குக் கருவி செய்ய வைப்பது பெரும்பாலும் இப்படித்தான்: நிறுவனங்கள் தங்கள் ஆட்களின் உழைப்பைக் கொடுக்கும், பதிலுக்குக் கருவி ஓடத் தொடங்கியதும் இத்தனை இரவு அவர்களுக்கென்று ஒதுக்கப்படும். முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டத்தில் இந்தியாவின் பங்கில் பெரும்பகுதி பணமாக இல்லை. அதன் முதன்மைக் கண்ணாடியாகச் சேரும் 492 கண்ணாடித் துண்டுகளைத் தாங்கும் அமைப்பு, அவற்றை நகர்த்தும் ஆக்சுவேட்டர், விளிம்பு உணரிகள், மென்பொருள் என்று பொருளாகத்தான் கணக்கு. கல்யாணத்துக்கு மொய் எழுதுவதுபோல் இல்லை, ஒருவர் அரிசி, ஒருவர் பந்தல், ஒருவர் பாத்திரம் என்று கொண்டு வருவது மாதிரி. பாத்திரம் வரவில்லை என்றால் அரிசி வந்து என்ன பயன்? ஆனால் பாத்திரக்காரரை விரட்டவும் முடியாது, அவரும் வீட்டுக்காரர்தான்.

இதனால் வரும் அசௌகரியங்களைப் பார்த்து ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வரும். அல்மா என்ற ரேடியோ தொலைநோக்கித் தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலியில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்கள். வட அமெரிக்கத் தரப்பு 25, ஐரோப்பியத் தரப்பு 25, கிழக்காசியாவிலிருந்து 16 என்று வேறு வேறு தயாரிப்பாளர்களிடம் வாங்கினார்கள். 12 மீட்டர் ஆன்டெனாக்களுக்கு ஒரே விவரக்குறிப்பு, ஆனால் மூன்று வடிவமைப்பு. உதிரிபாகம், பராமரிப்பு, பயிற்சி எல்லாமே கூடும் என்று சிப் துறையிலிருந்து வந்த யாரும் தலையில் அடித்துக்கொள்வார்கள். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பிரிவினை இல்லாமல் அந்த மூன்று தரப்பும் ஒரே மலைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம். கூட்டாகச் செய்வதற்கு ஒரு விலை உண்டு, அதைத் திட்டத்தின் முதல் நாளே பட்ஜெட்டில் எழுதிவிட வேண்டும்.

சரி, தலைப்புக்கு வருகிறேன்.

எங்கள் கருவியின் அளவீடு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும் கேலிப்ரேஷன் யூனிட்டைச் செய்தது பெங்களூரில் இருந்த ஒரு குழு. அதன் தலைவர் திருநெல்வேலிக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். டெலிகானில் எல்லாரோடும் ஆங்கிலம். முடிந்ததும் எனக்குத் தனியாகப் போன் வரும். “ஏம்மா, சாப்பிட்டியா?” என்றுதான் ஆரம்பிப்பார். ஒரு ஜூன் மாதம் கேட்டேன்: “சார், செப்டம்பருக்கு யூனிட் ரெடியாயிடுமா?”

“பார்த்துக்கலாம்மா.”

நான் நிம்மதியாகப் போனை வைத்தேன். செப்டம்பரில் வரவில்லை. டிசம்பர் இரண்டாம் வாரம் வந்தது. பதினோரு வாரத் தாமதம். அதற்காகக் காத்திருந்த ஜெர்மன் குழு தங்கள் சோதனைக்கூடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டது, அதனால் இன்னொரு மாதம் போனது. பிறகு விசாரித்தபோது தெரிந்தது, பாகங்களை நுணுக்கமாக நகர்த்தும் மோட்டார் ஸ்டேஜ்களுக்கான ஆர்டர் கொள்முதல் ஒப்புதலில் மாட்டிக்கொண்டது மே மாதமே. நான் கேட்ட அன்றைக்கு அவருக்கு அது தெரியும்.

அவர் மேல் எனக்கு இரண்டு நாள் கோபம் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. எங்கள் வீட்டில் அப்பா “பார்த்துக்கலாம்” என்று சொன்னால் என்ன அர்த்தம் என்பது பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். இப்போதைக்குக் கையில் வழி இல்லை, ஆனால் உன்னைக் கவலைப்பட வைக்க மாட்டேன் என்று அர்த்தம். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டபோதெல்லாம் கேட்ட சொல். அதே சொல்லை அதே மொழியில் ஒருவர் சொல்லும்போது அதை உறுதிமொழியாக எடுத்துக்கொண்டது நான். ஜெர்மன்காரர் ஏமாந்திருந்தால் நியாயம் உண்டு.

சரி, அவர் ஏன் வெளிப்படையாகச் சொல்லவில்லை? அதற்கும் காரணம் என்னிடம்தான் இருந்தது. மாதக் கூட்டத்துக்கு நான் ஒரு அட்டவணை வைத்திருந்தேன், ஒவ்வொரு குழுவுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சை போட்டவருக்கு இரண்டு நிமிடம். சிவப்பு போட்டவரை முப்பது பேர் முன்னால் நாற்பது நிமிடம் குடைவோம். ஏப்ரல் கூட்டத்தில் இத்தாலியக் குழு நேர்மையாகச் சிவப்பு போட்டிருந்தது, அன்றைக்கு அவர்களை நாங்கள் கேட்ட கேள்விகளை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றக் குழுக்கள் என்ன கற்றுக்கொண்டிருக்கும்? மே மாதம் அட்டவணை முழுக்கப் பச்சை. நான் அதைப் பார்த்து மகிழ்ந்தேன்.

அதன் பிறகு மூன்று விஷயங்களை மாற்றினேன். நிறத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் “அடுத்த மூன்று மாதத்தில் உங்களுக்கு அதிகப் பயம் தருவது எது?” என்று எல்லாரையும் ஒரே கேள்வி கேட்பது, முதல் பதிலை நானே சொல்வது. இரண்டாவது, கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒவ்வொரு குழுத்தலைவரையும் தனியாகப் போனில் பிடிப்பது, முப்பது பேர் முன்னால் வராத சொல் அங்கே வரும். மூன்றாவதுதான் நிஜமாக வேலை செய்தது: அட்டவணையில் ஒவ்வொரு குழுவும் ஒளித்து வைத்திருந்த உபரி வாரங்களை வாங்கிப் பொதுக்கணக்கில் போட்டோம், பன்னிரண்டு வாரம் சேர்ந்தது. யாருக்குத் தேவையோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஒரே நிபந்தனை, எட்டு வாரம் முன்னதாகக் கேட்க வேண்டும். முன்னால் சொன்னவருக்கு வாரம் கிடைக்கும், கடைசி நேரத்தில் சொன்னவருக்குக் கிடைக்காது. கெட்ட செய்தியைச் சீக்கிரம் சொல்வதில் அவர்களுக்கு ஒரு லாபம் இருக்க வேண்டும், வெறும் நேர்மையை மட்டும் நம்பி அட்டவணை போடக் கூடாது.

இது சின்னத் திட்டங்களின் நோய் மட்டுமில்லை. 1990-ல் ஹபிள் தொலைநோக்கி விண்ணுக்குப் போய்ப் படம் மங்கலாக வந்தபோது காரணம் தேடினார்கள். 2.4 மீட்டர் கண்ணாடியைத் தேய்க்கும்போது அளவு பார்த்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. அதனால் கண்ணாடியின் விளிம்பு சுமார் 2.2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. என்னை உலுக்குவது அந்த 1.3 மில்லிமீட்டர் இல்லை. தேய்க்கும் காலத்திலேயே வேறு இரண்டு சோதனைக் கருவிகள் ஏதோ சரியில்லை என்று காட்டின. அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கிவிட்டார்கள். கெட்ட செய்தி வந்திருந்தது, உட்கார நாற்காலி கொடுக்கவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய்ச் சரி செய்ய வேண்டியதாயிற்று.

அடுத்தது வரப்பு. இரண்டு பாகம் சேரும் இடத்தை விவரிக்கும் ஆவணத்தை ஐசிடி என்போம். நான் அதை வரப்பு என்றுதான் மனதில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஊரில் வயலுக்குள் சண்டை வருவதில்லை, வரப்பில்தான் வரும். கேமரா ஒரு குழுவுடையது, மேசை ஒரு குழுவுடையது, இரண்டையும் பிணைக்கும் நான்கு போல்ட்டை யார் வாங்குவது? எங்கள் ஐசிடியில் துளையின் விட்டம், இடம், தாங்கும் எடை எல்லாம் இருந்தது, போல்ட் யாருடையது என்று இல்லை. கடைசியில் இரண்டு குழுவும் வாங்கியது, இரண்டும் வேறு நீளம்.

போல்ட்டாவது பரவாயில்லை. கறுப்பு நிறம் எங்களை மூன்று வாரம் அலைக்கழித்தது. உள்ளே சிதறும் ஒளியைக் குறைக்க அலுமினியப் பாகங்களுக்குக் கறுப்பு அனோடைஸ் பூச்சு போடச் சொல்லியிருந்தார்கள், போட்டோம், கண்ணுக்குக் கரி மாதிரி இருந்தது. அகச்சிவப்பு கேமராவில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் பளபளக்கிறது. சாயம் ஏற்றிய அனோடைஸ் பலவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் விழுங்கும், அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். ‘கறுப்பு’ என்று எழுதிய ஆவணத்தில், எந்த அலைநீளத்தில் கறுப்பு என்று எழுதவில்லை. எழுத வேண்டியது எங்கள் வேலையா, அவர்கள் வேலையா என்பதும் எழுதப்படவில்லை.

இன்னொன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜெர்மன் குழுவிலிருந்து ஒரு தாங்கியின் வரைபடம் வந்தது, ஆறு உருப்படி வேண்டும். முப்பரிமாண ஃபைல் பழைய பதிப்பாக இருந்ததால் பட்டறை பிடிஎஃப் வரைபடத்தைப் பார்த்தே வெட்டத் தொடங்கியது. உட்லண்ட்ஸில் இருக்கும் அந்தப் பட்டறைக்கு வாடிக்கையாளர்கள் முக்கால்வாசி அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும், அவர்கள் வரைவது தேர்ட் ஆங்கிள் முறையில். ஐரோப்பாவில் ஃபர்ஸ்ட் ஆங்கிள். ஒன்றில் இடப்பக்கத் தோற்றத்தை இடப்பக்கமே வரைவார்கள், மற்றதில் வலப்பக்கம் வரைவார்கள். எந்த முறை என்பதைச் சொல்வது வரைபடத்தின் மூலையில் இருக்கும் நகம் அளவு கூம்புப் படம் மட்டும்தான். முதல் உருப்படி முடிந்து மேசையில் இருந்தபோது, அங்கே இயந்திரம் ஓட்டும் புதுக்கோட்டைத் தம்பி எனக்குப் போன் செய்தார். பாலிடெக்னிக் படித்துவிட்டு எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்தவர். “அக்கா, ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க. மூலையில இருக்கற கூம்பு நாங்க படிச்ச மாதிரி இருக்கு, இங்க வழக்கமா வர்ற மாதிரி இல்ல.”

போய்ப் பார்த்தேன். கையில் எடுத்தால் அளவெல்லாம் துல்லியம், துளைகளெல்லாம் சுத்தம், ஆனால் கண்ணாடியில் பார்த்த பிம்பம் மாதிரி இடம் வலம் மாறிய தாங்கி. மற்ற ஐந்தும் அதே மாதிரி வெட்டப்பட்டு, பெட்டியில் அடைந்து, சிலிக்குப் போய் மலையில் பொருத்தும் நாளில்தான் தெரிந்திருக்கும். ஒரு உருப்படியும் ஐந்து நாளும் போனதோடு தப்பித்தோம். அன்றிலிருந்து புது வரைபடம் எது வந்தாலும் முதலில் பிளாஸ்டிக்கில் பிரிண்ட் செய்து, கையில் பிடித்துப் படம் எடுத்து, வரைந்தவருக்கே அனுப்பி “இதுதானா?” என்று கேட்டுவிட்டுத்தான் உலோகத்தில் கை வைக்கிறோம். ஒரு விஷயம் முக்கியம்: அந்தத் தம்பிக்கு எங்கள் கூட்டத்தில் இடம் கிடையாது, எந்த மின்னஞ்சல் பட்டியலிலும் அவர் இல்லை. என் போன் நம்பர் அவரிடம் இருந்தது, அவ்வளவுதான். அதனால் பட்டறைக்குப் போகும்போதெல்லாம் இயந்திரத்தில் நிற்பவர்களிடம் நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அதே ஜெர்மன் தாள்களில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இருக்கும். 1,250 கிலோ என்றால் ஒன்றேகால் கிலோ. எடைப் பட்டியலில் யாரோ அதை ஆயிரத்து இருநூற்று ஐம்பதாக ஏற்றிவிட்டார்கள், கூட்டுத்தொகை எகிறியதால் உடனே தெரிந்தது. சின்ன எண்ணாக இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

நேரம். சிங்கப்பூரில் இரவு 9 மணி, அப்போது ஜூலையில் ஜெர்மனியில் மாலை 3, பெங்களூரில் 6:30, சிலியில் காலை 9, கலிஃபோர்னியாவில் காலை 6. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே மணி என்று அதையே ஒன்றரை வருடம் வைத்திருந்தோம். எனக்கும் கலிஃபோர்னியாக்காரர்களுக்கும்தான் அடி. பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு 9 மணிக்கு உட்கார்ந்து 11 மணிக்கு எழுந்த பிறகு தூக்கம் எங்கே வரும்? இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரத்தைச் சுற்றி விடுகிறோம், எல்லாருக்கும் ஒரு பருவம் கஷ்டம். இன்னொன்று, ஐரோப்பா, அமெரிக்கா, சிலி மூன்றும் கடிகாரத்தை வேறு வேறு நாளில் மாற்றும், சிங்கப்பூர் மாற்றுவதே இல்லை. மார்ச், ஏப்ரலில் எப்போதும் யாராவது ஒரு மணி நேரம் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அழைப்பில் உலகப் பொது நேரமான யுடிசியை மட்டும் எழுதுங்கள். தீபாவளியையும் சீனப் புத்தாண்டையும் ஆகஸ்ட் மாத இத்தாலி விடுமுறையையும் அட்டவணையில் முதல் நாளே ஏற்றிவிடுங்கள்.

ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைப் பற்றி எழுத மனம் கனக்கிறது. எங்கள் அகச்சிவப்பு டிடெக்டர் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் சில விவரங்களை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பது கையில் இருக்கும் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. ஒருநாள் கூட்டத்தின் நடுவே, அடுத்த பகுதியில் சிலர் இருக்க முடியாது என்று நான் அறிவிக்க வேண்டியதாயிற்று. மூன்று வருடம் எங்களோடு உழைத்த ஒரு சீனப் பெண் எதுவும் சொல்லாமல் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போனார். சட்டத்தை நான் மாற்ற முடியாது, ஆனால் அந்த நிமிடத்தை வராமல் செய்திருக்க முடியும். கட்டுப்பாடு உள்ள விஷயங்களை முதல் நாளே தனி ஆவணமாக, தனிக் கூட்டமாகப் பிரித்து வைத்திருந்தால் யாரும் எழுந்து போக வேண்டியிருக்காது. உரிமம் வாங்குவதையும் ஒரு பாகம் மாதிரி அட்டவணையில் வரியாகப் போடுங்கள், மாதக்கணக்கில் ஆகும்.

பெட்டி கட்டுவதைப் பற்றி ஒரு சொல். சிங்கப்பூர் வெளிக்காற்றின் பனிநிலை ஏறக்குறைய 24 டிகிரி. குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதேதான் 20 டிகிரி சுத்த அறையிலிருந்து வெளியே வரும் லென்ஸுக்கும் நடக்கும். எங்கள் பெட்டி ஒன்றை வழியில் பரிசோதனைக்காகப் பிரித்து, உள்பையையும் கிழித்துவிட்டார்கள். லென்ஸ் பூச்சில் நீர்த்தடம், திரும்ப வாங்கித் துடைத்து மறுபடி சோதிக்க ஆறு வாரம். இப்போது ஒளி ஊடுருவும் பைதான், ஈரப்பதம் காட்டும் அட்டை வெளியிலிருந்தே தெரியும்படி, பிரிக்காமலே உள்ளே இருப்பதைப் பார்க்கலாம்.

கூட்டத்தில் இல்லாதவர்களைப் பற்றி அந்தத் தம்பி விஷயத்தில் சொன்னேன். அதையே பெரிய அளவில் பார்க்க ஹவாய்க்குப் போகலாம். முப்பது மீட்டர் தொலைநோக்கியில் அமெரிக்கா, கனடா, ஜப்பான், சீனா, இந்தியா என்று பங்காளிகள் சேர்ந்தார்கள். அதைக் கட்டத் தேர்ந்தெடுத்த மௌனா கியா மலை ஹவாய்ப் பழங்குடி மக்களுக்குப் புனிதமானது. 2014 அக்டோபரில் பணி தொடக்க விழாவையே எதிர்ப்பாளர்கள் நிறுத்தினார்கள், 2015 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது, 2017-ல் மீண்டும் கிடைத்த அனுமதியை 2018-ல் அதே நீதிமன்றம் உறுதி செய்தும் 2019 ஜூலையில் மக்கள் மலைப்பாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். கண்ணாடியின் துல்லியத்துக்குக் கொடுத்த கவனத்தில் ஒரு பங்கை அந்த மலையின் மக்களுக்கும் மிக முன்னதாகவே கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. எனக்கு அந்த மலையும் வேண்டும், அந்தத் தொலைநோக்கியும் வேண்டும், அதனால்தான் வலிக்கிறது.

ஆட்கள் மாறுவார்கள் என்பதையும் மறக்காதீர்கள். கருவி முடிய எட்டு, பத்து வருடம், முனைவர் பட்டம் முடித்து ஆய்வுக்கு வரும் போஸ்ட்டாக் ஒருவர் இருப்பது இரண்டு, மூன்று வருடம். எதை முடிவு செய்தோம் என்பதை மட்டும் எழுதினால் போதாது, எதை ஏன் வேண்டாம் என்றோம் என்பதையும் எழுதுங்கள். இல்லையென்றால் புதிதாக வருபவர் அதே யோசனையை மறுபடி கொண்டு வருவார், அதை ஒதுக்கியவர் யாரும் அறையில் இருக்க மாட்டார்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பெங்களூரிலிருந்து போன். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

“ஏம்மா, இந்தத் தடவை பார்த்துக்கலாம்னு சொல்லல. குளிர் சோதனையில ஒரு மோட்டார் நின்னுபோச்சு. வேற வாங்கணும். ரெண்டு மாசம் கழிச்சு டெலிவரி இருக்கில்ல, அது மூணு வாரம் தள்ளும். பொதுக்கணக்குல இருந்து மூணு வாரம் எனக்கு வேணும்.”

“சரி சார், எழுதிக்கறேன். ஜெர்மன்காரங்ககிட்ட நான் இன்னைக்கே சொல்லிடறேன்.”

“நானே சொல்லிட்டேம்மா, நேத்து ராத்திரியே.”

வஞ்சிரத்தைத் துண்டு போடவா, முழுசாகவே தரவா என்று மீன்காரர் இரண்டாம் முறை கேட்டுக்கொண்டிருந்தார்.